சேற்றில் ஒரு ரிட்டர்ன் டிக்கெட்

நான் நியூசிலாந்துக்காக ரக்பி ஆடியவன்.

சரி, சரி... பொய். நாட்டுக்காக எல்லாம் இல்லை. பாபடோயிட்டோய்க்குப் பக்கத்தில் ஒரு கிளப்பின் கடைசி அணிக்காக. அதுவும் நான் சேர்ந்த அன்றைக்கு, பதினைந்து பேர் வேண்டிய இடத்தில் பதினாலு பேர்தான் வந்திருந்தார்கள் என்பதற்காக.

போன ஞாயிற்றுக்கிழமை மாசி என்கிற பேட்டையில் ஒரு பிறந்தநாள் விருந்து. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி பிரியாணித் தட்டோடு என்னிடம் வந்தான். "அங்கிள், நீங்க ரக்பி பிளேயராமே?" என்று கேட்டான். மேலே முதல் வரியில் இருப்பதை அப்படியே அவனிடம் சொன்னேன். பின்னால் நின்ற என் மனைவி மல்லிகா விடுவாளா?

"வயித்தப் பார்த்தா தெரியல தம்பி? அந்தப் பந்த முழுங்கிட்டாரு."

தம்பி சிரித்துவிட்டுக் கேக் பக்கம் போய்விட்டான். மிச்சக் கதையைக் கேட்கவில்லை. அதனால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஈப்போவில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது. இங்கே ஏர்போர்ட் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். என்னைப் போய் ரக்பியில் இழுத்துவிட்டது எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் முன்சாமி. ஃபிஜிக்காரர். தாத்தாவைக் கரும்பு வெட்டக் கூட்டிப்போனபோது கப்பலில் கொஞ்சம் தமிழும் போயிருக்கிறது. பேரனிடம் வந்து சேர்ந்தது "வா, போ, சோறு" மட்டும். மற்றபடி இங்கிலீஷ். என்னைப் 'பையா' என்பார் — அவர்கள் ஊர் இந்தியில் அண்ணன்.

"பையா, யூ ஆர் வைட். ஜஸ்ட் ஸ்டாண்ட் தேர்" என்றார்.

அகலமாக இருப்பதை ஒரு தகுதி என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொன்னார். சும்மா விடுவேனா? போய் நின்றேன்.

ரக்பி ஒரு காலத்தில் யாருமே காசு வாங்காமல் ஆடிய ஆட்டம். வாரமெல்லாம் மாடு கறப்பார்கள், மரம் வெட்டுவார்கள். சனிக்கிழமை வந்தால் மழையில் ஒருவரை ஒருவர் சேற்றில் புதைப்பார்கள். திங்கட்கிழமை வீங்கின கண்ணோடு வேலைக்குப் போவார்கள். தொண்ணூறுகளில் சம்பளம் வந்தது, காண்ட்ராக்ட் வந்தது... இப்போது டிவியில் பார்த்தால் மைதானம் கல்யாண மண்டபத்துக் கம்பளம் மாதிரி இருக்கிறது. எங்கள் அணிக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. சம்பளம் கிடையாது. சேறு உண்டு.

என்ன சேறு தெரியுமா? கோடையில் கிரிக்கெட் ஆடுகிற நடு இடம், குளிர்காலத்தில் களிமண் குழம்பாகிவிடும். காலை வைத்தால் கால் வரும், பூட்ஸ் வராது. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் சிவப்பு ஜெர்சி எது, நீல ஜெர்சி எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. கிளப் அறைச் சுவரில் எழுபதுகளில் எடுத்த ஒரு போட்டோ தொங்குகிறது. முழுக்கச் சேறு பூசிய சிலைகள். கிளப்பின் கிழவர்கள் அத்தனை பேரும் "அந்த மூணாவது ஆள் நான்தான்" என்பார்கள். யார் மறுக்க முடியும்? மூணாவது ஆளுக்கு மூக்கே தெரியவில்லை.

அந்தப் போட்டோதான் எனக்கு வினையாக வந்தது.

என் மகள் பவித்ரா இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். போன வருஷம் குளிர்காலத்தில் ஒருநாள், "அப்பா, தேர் இஸ் அ கை" என்றாள். பையன் பேர் கஜன். கிளென்ஃபீல்டில் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா செல்வநாயகம் அக்கவுண்டன்ட். அம்மா இந்திராணி அதிகம் பேசாதவர், ஆனால் கண்ணாலேயே தையற்காரர் மாதிரி அளவெடுப்பவர். பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். இருந்தாலும், பெரியவர்கள் வந்து பார்த்துச் 'சரி' சொன்னால்தான் கல்யாணம் என்பது பிள்ளைகள் இரண்டு பேரின் பிடிவாதம்.

அவர்கள் வருகிற அன்று காலையில் பவி என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அப்பா, ப்ளீஸ். ஒன்லி ஒன் திங். டோன்ட் பீ ஃபன்னி."

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். டீ வந்தது. வடை வந்தது. செல்வநாயகம் வடையைப் பேலன்ஸ் ஷீட் பார்ப்பது மாதிரி பார்த்துச் சாப்பிட்டார். யாரும் பேசவில்லை. அந்த அமைதி இருக்கிறதே... எனக்கு ஆகாது. சொறி மாதிரி அரிக்கும்.

"உங்கட பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"ரக்பி சார். அந்தக் காலத்து ஆளு நானு. காசு வாங்காம ஆடின பரம்பரை!"

சொன்னதோடு விட்டேனா? போனை எடுத்துச் சுவர் போட்டோவைக் காட்டினேன். "மூணாவது ஆளு. நான்தான்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "படம் கறுப்பு வெள்ளையா எல்லோ இருக்கு?"

"சேறு சார். கலரே அப்படித்தான்."

சமையலறையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. மல்லிகாவின் கையிலிருந்த கரண்டி.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. செல்வநாயகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் கண்டியிலை படிக்கேக்கை ஒரு வருஷம் ஆடினனான். பிறகு அப்பா விடேல்லை. உங்களுக்கு இனி மட்ச் எப்ப?"

"வர்ற சனிக்கிழமை சார். சீசனோட கடைசி மேட்ச்..."

"அப்ப நாங்கள் வாறம்." மனைவியைப் பார்த்தார்.

இந்திராணி அம்மா அன்றைக்கு முதல்முறையாக முழு வாக்கியம் பேசினார். "ஓம். வந்து ஆக்களைப் பாத்துப் பழகிப்போட்டு, அண்டைக்கே முடிவைச் சொல்லுறம்."

அவர்கள் கார் தெருவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கடைசி மேட்ச் என்றால் வெறும் மேட்ச் இல்லை. எங்கள் அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த நாட்டுக் கிளப்புகளில் பல இடங்களில் இருக்கிற வழக்கம்தான். சீசன் முழுக்க ஒரு ட்ரைகூடப் போடாதவன் — அதாவது எதிர் அணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஒருமுறைகூட அழுத்தாதவன் — கடைசி மேட்ச் முடிந்ததும் மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட வேண்டும்.

பிறந்த மேனிக்கு. பூட்ஸ் மட்டும் அனுமதி.

சீசன் ஆரம்பத்தில் இதற்கு வோட்டெடுப்பு நடந்தபோது முதலில் கை தூக்கியது யார் என்கிறீர்கள்? கையைத் தூக்கியதோடு விசில் வேறு அடித்தேன். இப்போது அணியில் எல்லாரும் ஒரு ட்ரையாவது போட்டுவிட்டார்கள். ஒரு ஆளைத் தவிர.

அன்று இரவே எங்கள் கேப்டன் முன்சாமி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"முன்சாமி, எனக்கு மட்டும் விலக்கு குடுங்க. நான் இந்து. எங்க மதத்துல இதெல்லாம் கூடாது."

"மீ டூ, பையா." அவர் பின்னால் அனுமார் காலண்டர் தொங்கியது. "ரூல் இஸ் ரூல்."

மல்லிகாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "வராம இருந்துட்டா?"

"வராட்டி பொய் சொன்னேன்னு தெரிஞ்சிரும். போய் ட்ரை போடாட்டி எல்லாமே தெரிஞ்சிரும்."

"அப்ப போட்டுத் தொலைங்க லா, அந்த ட்ரைய!" என்றாள், எங்கள் ஊர் 'லா'வோடு.

அவ்வளவுதான் விஷயம். ஒரு ட்ரை. போட்டால் மகளுக்குக் கல்யாணம். போடாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு என் முழு விவரமும்.

ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. மழை. வாரம் முழுக்கக் கொட்டியது. மழை அதிகமானால் மைதானங்களை மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையிடத்தில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மைதானம் மூடல், இந்த மைதானம் மூடல்... சுற்றுவட்டாரத்தில் எல்லாம் மூடல். எங்களுடையது மட்டும் திறப்பு! இதற்குமேல் கெட அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் போல.

சனிக்கிழமை. செல்வநாயகம் கறுப்புக் கோட்டு, பளபளக்கிற ஷூ, கோல்ஃப் ஆடுகிறவர்கள் வைத்திருக்கிற பெரிய குடையோடு வந்து நின்றார். பக்கத்தில் இந்திராணி அம்மா. அவர்களுக்கு நடுவில் மல்லிகா, கையில் ஒரு டப்பா முறுக்கோடு. பவியும் கஜனும் காருக்குள் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். புத்திசாலிகள்.

ஆட்டம் தொடங்கியது. முன்சாமி தன் மூன்று தமிழ் வார்த்தைகளில்தான் உத்தரவு போடுவார், எதிராளிக்குப் புரியக் கூடாதாம். "போ!" என்றால் தள்ளு. "வா!" என்றால் பின்னால் வா. "சோறு!" என்றால் பந்து கிடைத்துவிட்டது, எல்லாரும் பாய்.

இங்கே என்னுடைய ஒரு கோளாறைச் சொல்லிவிட வேண்டும். ரக்பியில் பந்து வைத்திருக்கிறவன் விழுந்தால் அவன்மேல் எல்லாரும் குவிவார்கள். பந்துக்காக விழுந்து கிடக்கிறவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னை வளர்த்த வளர்ப்பு என்ன? படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவர் வளர்த்தி நின்றுவிடும். தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பத் தாண்ட வேண்டும். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் மறந்திருக்கலாம். என் கால் மறக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு குவியலிலும் நான் தாண்டுவேன், உடனே திரும்பித் தாண்டுவேன். ரெஃப்ரி இதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அணியில் எனக்குப் பெயரே 'ரிட்டர்ன் டிக்கெட்'.

முதல் பாதியில் எனக்குப் பந்து கிடைத்தது ஒரே ஒரு தடவை. அது மூஞ்சியில். இடைவேளையில் ஆரஞ்சுப் பழம் வெட்டித் தந்தார்கள். சேற்றோடு சேர்த்துச் சாப்பிட்டேன். ஓரத்தில் செல்வநாயகம் கையசைத்தார். யாருக்கு என்று தெரியவில்லை, ஏனென்றால் எதிர் அணிக்காரன் ஒருவன் பதிலுக்குக் கையசைத்தான்.

இரண்டாவது பாதி. மழை. பந்து சோப்புக்கட்டி மாதிரி ஒருவர் கையிலும் நிற்கவில்லை. நேரம் ஓடுகிறது. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்து, இனிப் பந்து நின்றால் ஆட்டம் முடிந்தது என்று கையைக் காட்டினார்.

அப்போதுதான் அது நடந்தது.

எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு குவியல். அவர்கள் அணியில் டோங்கா நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ஆள் ஒரு ஃபிரிட்ஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவராம், அவ்வளவு சாது. அவர் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். பந்து குவியலிலிருந்து வழுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால், கோட்டைத் தாண்டிப் போய், தனியாக, அநாதையாக, எனக்காகவே நின்றது.

"சோறு! பையா, சோறு!" முன்சாமி தொண்டை கிழியக் கத்தினார்.

நான் பாய்ந்தேன். டோங்காக்காரரைத் தாண்டினேன். பந்து எனக்கு எட்டுகிற தூரத்தில். முன்னால் ஒருத்தனும் இல்லை. அப்படியே தொப்பென்று விழுந்தால் போதும். விழுவதில் நான் கெட்டிக்காரன் வேறு.

கீழேயிருந்து ஒரு முனகல் கேட்டது. "ஊஊஃப்..."

அடடா. ஒரு மனுஷனைத் தாண்டிவிட்டோமே!

என் மூளை "பந்து, பந்து" என்றது. கால் கேட்டால்தானே? திரும்பிவிட்டது. திரும்பி, அவரைத் தாண்டி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார்.

"யூ ஆல்ரைட், பிரதர்?"

"உன் வளர்ச்சிக்காகத்தான்டா!" என்றேன். ஆறடிக்கு மேல் இருக்கிறான். இன்னும் என்ன வளர வேண்டும்?

இப்போது பந்து அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மறுபடி தாண்டினால் மறுபடி திரும்ப வேண்டும். பொழுது விடிந்துவிடும். அப்படியென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவரைச் சுற்றுவது என்றால் சும்மாவா? கோயில் பிரகாரம் மாதிரி நீளம். தலைமாட்டுப் பக்கம் பாதி பிரதட்சணம் முடிப்பதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவந்து பந்தின்மேல் விழுந்துவிட்டான்.

விசில்.

மேட்ச் தோற்றோம். அது ஒரு செய்தியே இல்லை.

சேற்றில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா கம்பூட்ஸ் போட்ட காலோடு மைதானத்துக்குள் ஓடிவந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று தலையைக் குனிந்தேன்.

"ஏங்க, ஜெயிச்சிட்டீங்க லா!"

"என்னத்த ஜெயிச்சேன்?"

"அந்தம்மாவுக்கு ஆட்டம் ஒண்ணும் புரியல. உங்களத்தான் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. 'இவ்வளவு அமளிக்குள்ளையும் இந்த மனுசன் ஒவ்வொருத்தரையும் திரும்பித் தாண்டுறார், கண்டனீங்களோ? எங்கட ஆக்களே இப்ப இதைச் செய்யிறேல்லை. அப்ப பிள்ளையை எப்பிடி வளர்த்திருப்பார்!' அப்படின்னு அவங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றாங்க. கார் பார்க்குல வச்சுப் பேசலாம்னாங்க. எழுந்திரிங்க. குளிச்சிட்டு நல்ல சட்டையா ஒண்ணு போடுங்க..."

சட்டை என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து முடியவில்லை. பின்னால் கைதட்டல் கேட்டது. மெதுவாக, ஒரே தாளத்தில். முன்சாமி ஆரம்பித்தார். எங்கள் அணி சேர்ந்துகொண்டது. எதிர் அணியும் சேர்ந்துகொண்டது. டோங்காக்காரர் எழுந்து நின்று பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார்.

"ரிட்டர்ன் டிக்கெட்! ரிட்டர்ன் டிக்கெட்!"

மல்லிகாவின் முகம் போன போக்கைச் சொல்ல வார்த்தை இல்லை. "கையில வந்தத இப்படிக் கெடுக்கப் போறீங்களே," என்றாள். திரும்பிப் பார்க்காமல் கார் பக்கம் நடந்தாள்.

"முன்சாமி, அந்தக் கறுப்புக் கோட்டைப் பாருங்க. அவர் பையனுக்குத்தான் என் பொண்ணு..."

முன்சாமி பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "சாரி, பையா." அப்புறம் தமிழில் சொன்னார். "போ."

என்ன செய்வேன்? கோல் கம்பத்துக்குப் பின்னால் போனேன். கம்பம் என்னை மறைக்குமா? ஜெர்சியைக் கழற்றினேன். நிக்கர்... அதுவும் போனது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. சேற்றில் படுத்தேன். உருண்டேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், இடுக்கு... கடையில் பஜ்ஜிக்கு மாவு பூசுவார்களே, அந்த மாதிரி. எழுந்து பார்த்தால், அந்தச் சுவர் போட்டோவின் மூணாவது ஆள்! சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

ஆனால் மழை விட்டபாடில்லை. சேறு வழிய ஆரம்பித்தது. எத்தனை நேரம் தாங்கும்? ஓடு, ஓடு என்று முதல் அடி எடுத்து வைத்தேன்.

"நில்லுங்கோ!"

செல்வநாயகம். கோட்டும் ஷூவுமாக, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். சேறு ஒரு ஷூவைப் பிடுங்கிக்கொண்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு நேராக வந்து நின்றார். முடிந்தது கதை, சம்பந்தமும் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

டப்பென்று குடை விரிகிற சத்தம் கேட்டது.

"எங்கட காலத்திலையும் இப்பிடி ஒண்டு இருந்தது," என்றார், என் முகத்தை மட்டும் பார்த்தபடி. "ஆடினனீங்கள் எண்டால் ஓடத்தான் வேணும். பொம்பிளையள் நிக்கிற பக்கத்தை நான் மறைக்கிறன். மற்றப் பக்கத்தை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ."

அக்கவுண்டன்ட் அல்லவா, பொறுப்பைச் சரியாகப் பிரித்துவிட்டார்.

ஓடினோம். உடம்பில் சேறு மட்டும் உடுத்தின நான், பக்கத்தில் ஒற்றை ஷூவோடு கறுப்புக் கோட்டு, நடுவில் ஒரு குடை. என் வேகத்துக்கு அவரும், அவர் வேகத்துக்கு நானும் மூச்சு வாங்கினோம். "மெதுவா சார்!" "கெதியா வாங்கோ, சேறு கரையுது!" பாதி மைதானம் தாண்டிவிட்டோம். டோங்காக்காரர் பாட்டு உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரம் பார்த்து மேற்கே இருந்து ஒரு காத்து அடித்தது பாருங்கள்... குடை அப்படியே மேல் பக்கமாகப் புரண்டு, கம்பியெல்லாம்...

இருங்கள். வாசலில் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.

"சம்பந்தி! என்ன இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறியள்? நேரம் போட்டுது, வெளிக்கிடுங்கோ! முன்சாமி ரெண்டு தரம் போன் அடிச்சிட்டார்!"

செல்வநாயகம்தான். இந்த வருஷம் அவரும் எங்கள் அணி. இன்றைக்குச் சீசனின் கடைசி மேட்ச். போன மாதமே நான் ஒரு ட்ரை போட்டுவிட்டேன் — வழுக்கி விழுந்த இடத்தில் பந்து இருந்தது. அவர்தான் இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை.

"குடையை மறக்காமல் எடுத்தனீங்களோ?"

எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஓட்டை இருப்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.